அண்ணி எடுத்த போன்

ஊரைத் தாண்டி, லாரிகள் திரும்பும் சாலையோரத்தில் ஒரு சலவைக்கூடம் இருந்தது. நாலைந்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும், ஓட்டல்களின் திரைச்சீலைகளும், ஆபரேஷன் தியேட்டரில் போடும் பச்சைத் துணிகளும் அங்கேதான் வெளுப்புக்கு வரும். ஓர் ஆள் உள்ளே போய் நிற்கும் அளவுக்குப் பெரிய மெஷின்கள். அவை சுற்றும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போயும் கத்தித்தான் பேசுவார்கள்.

வாஷிங் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அங்கே அண்ணி என்று பேர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அவளுடைய நாத்தனார். படிப்பு பாதியில் நின்று, அண்ணன் வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாள் பூராவும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அவள். அண்ணிதான் ஒருநாள், "இப்படியே நின்னா கம்பி தேஞ்சு போயிடும். என்கூட வா" என்று இழுத்துக்கொண்டு வந்து பேக்கிங் மேஜையில் நிறுத்தினாள். விரிப்பை எப்படி மடித்தால் முனை பிசகாது என்பதிலிருந்து, மேனேஜர் கத்தும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் மெஷின் சத்தத்துக்கு மேலே "அண்ணீ" என்று கூவுவாள். கேட்டவர்களுக்கெல்லாம் அதுவே வழக்கமாகிவிட்டது. கூவியவளைப் பாப்பா என்று கூப்பிட்டார்கள்.

அண்ணி வேலையில் கெட்டிக்காரி. கெட்டிக்காரத்தனத்தில் பாதி துணியில் இருந்தது, பாதி வாயில் இருந்தது. பழைய மேனேஜர் கோபக்காரர். தினமும் காலையில் பகுதித் தலைவர்களை ஓர் அறையில் கூட்டிவைத்து, "நேத்து கெட்டது யாரால?" என்று கேட்பார். விரிப்பில் கறை நின்றிருந்தால் பாய்லர் சூடு பத்தவில்லை என்பாள் அண்ணி. தண்ணீர் சரியில்லை என்பார் பாய்லர்காரர். இஸ்திரிப் பகுதியின் மாஸ்டர், துணி தன்னிடம் வரும்போதே அப்படித்தான் வந்தது என்பார். டோக்கன் எழுதிக் கொடுத்து வண்டிகளை அனுப்பிவைக்கும் டோக்கன் அம்மா, தன் கைக்கு வந்ததே தாமதம் என்பாள். பழி இப்படி மேஜையைச் சுற்றி வந்து, அன்றைக்கு லீவு போட்டவன் தலையில் இறங்கும். தன் பேருக்குப் பதிலாகச் சொல்ல இன்னொரு பேரை நாக்கு நுனியில் தயாராக வைத்திருப்பதில் அண்ணியை யாரும் மிஞ்சியதில்லை. அந்த அறையில் யாரும் யாரையும் நம்பவில்லை. ஆனால் எல்லோரும் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் ஓய்வு பெற்றபோது அடுத்தது அண்ணிதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அண்ணியும் அதை நம்பினாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அவள் கணவர், மேனேஜருக்கு ஏற்ற மாதிரி ஒரு புது பிரேம்கூடப் போட்டுக் கொடுத்தார். முதலாளியம்மா ஒரு காலையில் வந்து எல்லோரையும் நிற்கவைத்து, பேக்கிங் பகுதித் தலைவியாக இருந்த பாப்பாவின் பேரைச் சொன்னாள். முதலில் கை தட்டியது அண்ணிதான். தட்டாமல் நின்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து தட்டினாள்.

அன்றைக்கு வீட்டில் ஒரே கொண்டாட்டம். கணவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். காலேஜில் படிக்கும் மகள், இப்போது வேறு தெருவில் தனியாகக் குடியிருந்த அத்தைக்கு போன் போட்டவள் வைக்கவே இல்லை.

"என் தங்கச்சிக்கு மூளை எங்க அப்பா மாதிரி" என்றார் கணவர்.

"மூளை உங்கப்பா குடுத்தாரு. வேலை யாரு குடுத்தாங்களாம்?"

"நீதான். நீ இல்லன்னா அவ ஏது?" என்று உடனே ஒப்புக்கொண்டார் அவர். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதன் பிறகு அண்ணிக்கு ஒவ்வொன்றும் கண்ணைக் குத்தியது. பாப்பா என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் ஒரே வாரத்தில் மேடம் என்று கூப்பிடப் பழகின. நாத்தனார் கண்ணாடி அறையில் உட்கார்ந்து போன் பேசுவது வாஷிங் பகுதியிலிருந்து நன்றாகத் தெரியும். முழங்கையை மேஜையில் ஊன்றிப் பேசுகிறாளே, எங்கே கற்றுக்கொண்டாள் இதை என்று அண்ணி பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மெஷின் கதவின் வட்டக் கண்ணாடியிலும் அந்த அறையின் விளக்குதான் தெரிந்தது.

கூப்பிடுவதில் வேறு ஒரு சிக்கல். மேடம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பழையபடி நீ, வா, போ என்று எல்லோர் முன்னாலும் சொல்வது நன்றாக இருக்காது. அதனால் அண்ணி யாரையுமே குறிக்காமல் பேசும் ஒரு பாஷையைக் கண்டுபிடித்தாள். "பவுடர் தீரப்போகுது, ஆர்டர் போட்டா தேவலை" என்பாள் சுவரைப் பார்த்து. நாத்தனாரோ எப்போதும்போல, "சரிங்க அண்ணி, இன்னிக்கே போட்டுடறேன்" என்பாள். அந்தப் பணிவும் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் தலைக்கனம் காட்டினால் வெளியே நாலு பேரிடம் சொல்லலாம். அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

காலைக் கூட்டத்தை நாத்தனார் மாற்றியமைத்தாள். முதல் நாளே, "நேத்து யாரால கெட்டுச்சுன்னு இனிமே நான் கேக்கப் போறதில்ல. நேத்து என் பக்கத்துல என்ன தப்பாச்சுன்னு அவங்கவங்க சொல்லணும். நான் முதல்ல சொல்றேன்" என்றாள். ஒரு ஓட்டலுக்குத் தப்பான நாளைச் சொல்லிவிட்டதாகவும், அதனால் இஸ்திரிப் பகுதி வீணாக உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள். பிறகு எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. இது ஏதோ பொறி என்றுதான் நாலு பேருக்கும் தோன்றியது. வெளியே வந்ததும் பாய்லர்காரர், "நம்ம வாயாலயே நம்மள மாட்டிவிடப் பாக்குது பாப்பா" என்றார். அவர் இன்னும் பாப்பா என்று சொன்னதே அண்ணிக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் நாத்தனார் விடவில்லை. தினமும் தன் தவறு ஒன்றைச் சொல்வாள், காத்திருப்பாள், பிறகு வேலையைப் பற்றிப் பேசுவாள். கடைசியில் மாஸ்டர்தான் துணிந்து பார்த்தார். அவர் ஒல்லியான மனிதர், எதையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பவர். "நேத்து ஒரு திரைச்சீலையைக் கருக்கிட்டேன். அண்ணி பக்கத்துல இருந்து ஈரமா வந்துச்சுன்னு சொல்லலாம்னு நெனச்சேன். ஈரமா வரல. நான் பாத்துக்கல" என்றார். அண்ணி, இப்போது வெடிக்கும் என்று எதிர்பார்த்தாள். நாத்தனார், "சரி மாஸ்டர். ஓட்டலுக்கு நீங்களே பேசறீங்களா, நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மாஸ்டர் போய்ப் பேசிவிட்டு வந்தார். யாரும் அவரைக் கடித்துத் தின்றுவிடவில்லை.

அதற்குப் பிறகு பாய்லர்காரரும் சொல்ல ஆரம்பித்தார். டோக்கன் அம்மாவும் சொன்னாள். அறையில் சிரிப்புச் சத்தம் வந்தது. பாய்லர்காரரும் மாஸ்டரும் ஒருவர் மீது ஒருவர் பழி போடுவதை விட்டுவிட்டு, சேர்ந்து ஒரு நீராவிக் குழாயை மாற்றினார்கள். பல காலமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் அவர்கள். அண்ணி மட்டும், "என் பக்கத்துல எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவந்தாள். யாரும் அவளை நெருக்கவில்லை. தான் அத்தனை வருடம் ஆண்ட அறையில் இப்போது விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை டமால் டமால் என்று வைத்தாள்.

போன் விஷயம் நடந்தது ஒரு மதிய வேளையில். வாஷிங் பகுதிக்கும் வண்டிகள் நிற்கும் இடத்துக்கும் நடுவே சுவரில் ஒரு போன் உண்டு. அதைப் பெரும்பாலும் டோக்கன் அம்மாதான் எடுப்பாள். அன்றைக்கு அவள் வண்டிக்காரர்களோடு வாசலில் நின்றிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்ததால் அண்ணி போய் எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் தியேட்டர் சிஸ்டர் பேசினாள். நாளைக்கு அறுவை சிகிச்சைகளைச் சீக்கிரமே ஆரம்பிக்கிறார்களாம். பச்சைத் துணி வழக்கமான நேரத்துக்கு வந்தால் போதாது, விடிந்ததும் வந்துவிட வேண்டும்.

"சரிங்க சிஸ்டர், சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டு, அண்ணி கண்ணாடி அறையை நோக்கி நடந்தாள். சொல்லத்தான் போனாள். அறைக்குள் மாஸ்டரும் பாய்லர்காரரும் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் கையை ஆட்டி ஏதோ சொல்ல, பாய்லர்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். இருபது வருடம் பக்கத்தில் வேலை பார்த்தும் அந்த மனிதர் அண்ணியிடம் அப்படிச் சிரித்ததில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் திரும்பிவிட்டாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சாயங்காலம் பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது நன்றாகவே ஞாபகம் வந்தது. நாத்தனார் வாசலில் நின்று, "போய்ட்டு வாங்க அண்ணி" என்றாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'ஒரே ஒரு நாள் இவளும் தலைகுனிஞ்சு நிக்கட்டுமே' என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அண்ணி தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். டாக்டர்கள் கை கழுவி நிற்கிறார்கள், துணி இல்லை. இருந்ததையெல்லாம் அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு நாத்தனார் கிளம்பினாள். "துணியை எண்ணிக் குடுக்க ஒரு ஆள் வேணும், வாங்க அண்ணி" என்று அவளையும் ஏற்றிக்கொண்டாள்.

தியேட்டர் வாசலில் தள்ளுவண்டிக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. "என்னை எப்ப உள்ள கொண்டுபோவாங்க?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டாள். அண்ணியையும் கேட்டாள். அண்ணி துணி மூட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு நகர்ந்தாள். அந்தப் பெண்ணின் கணவர் கத்தினார். டாக்டர் கத்தினார். நாத்தனார் நடுவில் நின்று, "தப்பு எங்களோடது. நான்தான் பொறுப்பு" என்றாள். தலைகுனிந்துதான் நின்றாள். ஆனால் அண்ணி ஆசைப்பட்ட மாதிரி இல்லை அது. திட்டு வாங்குவதைக்கூட அவள் கௌரவமாக வாங்குகிறாள் என்று பட்டது. போகும்போது டாக்டரே குரலைத் தாழ்த்தி, "இனிமே இப்படி ஆகாம பாத்துக்கோங்கம்மா" என்றார். தோற்றாலும் இவள்தானே ஜெயிக்கிறாள் என்று அண்ணிக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணின் உதடு கண்ணுக்குள் நின்றபோதும், எரிச்சல்தான் முன்னால் நின்றது.

அடுத்த கூட்டத்தில் நாத்தனார் நேராக விஷயத்துக்கு வந்தாள். "போன்ல சொன்னோம்னு சிஸ்டர் சொல்றாங்க. ஒரு அம்மாதான் எடுத்தாங்களாம். சண்டை போடறதுக்குக் கேக்கல. எங்க விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடைக்க முடியும்."

அண்ணி மேஜையில் ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டோக்கன் அம்மா புடவை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அந்த போனை எடுக்கறது நான்தான் மேடம். நான்தான் எடுத்திருப்பேன். ஆனா எனக்கு ஞாபகமே இல்ல."

"அன்னிக்கு நீங்க வாசல்ல இருந்தீங்கன்னு வண்டிக்காரங்க சொன்னாங்களே?"

"நடுவுல ஒரு தடவை உள்ள வந்தேன். அப்ப எடுத்திருப்பேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க."

மாஸ்டர் எழுந்து அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பாய்லர்காரர், "ஒரு போன் மறந்ததுக்கெல்லாம் அப்படி நெனைக்காதீங்க. நான் என் சாவியைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டே தேடறேன்" என்றார். நாத்தனார் தன் நாற்காலியை விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க இதைச் சொன்னதே பெரிசு. ஒருத்தர் ஞாபகத்தை நம்பி நான் வேலையை விட்டிருக்கேன், அது என் தப்பு. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடலாம், நான் கூட வரேன்" என்றாள்.

அத்தனை அன்பும் ஒருத்தி மேல் கொட்டுவதைப் பார்த்தாள் அண்ணி. செய்யாத தப்பை ஒப்புக்கொண்டவளுக்கு இவ்வளவு மரியாதை. தன் பக்கத்தில் உட்கார்ந்து யார் இப்படித் தோளைத் தொட்டார்கள் என்று யோசித்தாள். டோக்கன் அம்மா மேலும் பொறாமை வந்தது. அது வந்ததும் அவளுக்கே தன்மேல் ஒரு அருவருப்பு வந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

டோக்கன் அம்மா அன்றிலிருந்து நடுங்கிப் போனாள். ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் ஓடிப்போய்க் கதவைத் தட்டி, சரியான மூட்டைதானா என்று கேட்டாள். வண்டிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சலித்துக்கொண்டார்கள். டாக்டரிடம் காட்டியபோது அவர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நாள் கவனிக்கச் சொல்லிவிட்டார். ஒரு மதியம், வெளுத்த துணிகள் உலரும் அறையில், சூடான விரிப்புகளுக்கு நடுவே அவள் அண்ணியைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, உன்னை ஒண்ணு கேக்கணும். மத்தவங்க எனக்காகப் பாவம் பாத்துப் பேசுவாங்க. நீ பேச மாட்டே. என்னை ரொம்ப வருஷமா பாக்கற. நான் மறக்கறேனா? இதுக்கு முன்னாடி எதையாவது மறந்து பாத்திருக்கியா?"

அண்ணி ஒரு விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆள் இல்லை, கதவும் சாத்தியிருந்தது.

"வயசாகுதுல்ல" என்றாள்.

டோக்கன் அம்மா மெல்லத் தலையாட்டினாள். "அதான். நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவள் கதவைத் திறந்து போகும்போது, எதற்காக வந்தோம் என்பதுபோல வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றாள்.

அன்று அண்ணியால் சாப்பிட முடியவில்லை. "ஏன்மா ஒரு மாதிரி இருக்க? அத்தைகூட ஏதாவது சண்டையா?" என்று மகள் கேட்டாள். "உங்கத்தைகூடச் சண்டை போட முடியுமா? அவங்கதான் தெய்வப் பிறவியாச்சே" என்றாள் அண்ணி. மகள் ஒரு நிமிஷம் தாயைப் பார்த்துவிட்டு, "உனக்கு அத்தை மேல பொறாமைம்மா. எங்க எல்லாருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இத்தனை நாள் மூடி மூடி வைத்திருந்தது ஊருக்கே தெரிந்த சங்கதி என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவமானமாகவும் இருந்தது, பிடித்து வைத்திருந்த மூச்சை விட்ட மாதிரியும் இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் நாத்தனார் ஆரம்பிப்பதற்கு முன்பே அண்ணி பேசினாள். சுவரைப் பார்த்துப் பேசவில்லை.

"அந்த போனை நான்தான் எடுத்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"மறக்கல. வேணும்னேதான் சொல்லல. உன்கிட்ட சொல்ல வந்தேன், நீங்கள்லாம் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. திரும்பிப் போய்ட்டேன். சாயங்காலமும் ஞாபகம் இருந்துச்சு."

"ஏன் அண்ணி?" என்றாள் நாத்தனார். குரல் மிகவும் சின்னதாக வந்தது, பேக்கிங் மேஜைக்கு வந்த முதல் நாள் இருந்த மாதிரி.

"பொறாமை" என்றாள் அண்ணி. "நான் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தவ நீ. நீ அங்க உக்காந்திருக்கறதை என்னால பாக்க முடியல. நீ ஒரு நாளாவது அசிங்கப்படணும்னு இருந்துச்சு."

டோக்கன் அம்மாதான் பேசினாள். அவள் அழவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை யாரும் பார்த்ததில்லை.

"நேத்து உன்கிட்ட வந்து கேட்டேனே. வயசாகுதுன்னு சொன்னியே. வீட்ல என் மருமக அடுப்பை அணைச்சீங்களா அணைச்சீங்களான்னு நாள் பூரா கேக்கறா. பேரனை என்கூட வெளிய அனுப்ப மாட்டேங்கறா. இதை எப்படி எனக்குத் திருப்பிக் குடுப்ப?"

டோக்கன் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். கதவு அடித்துக்கொண்டது.

நாத்தனார் மாஸ்டர், பாய்லர்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணின்னு நான் இதை விட்டா, நாளைக்கு இந்த ரூம்ல எவனும் உண்மை பேச மாட்டான். அண்ணிங்கறதுக்காக அதிகமா தண்டிச்சாலும் அதேதான். நான் தனியா முடிவு பண்ணக்கூடாது. நீங்க சொல்லுங்க" என்றாள்.

மாஸ்டர் யோசித்துச் சொன்னார். "அந்தப் பதவிக்கு நானும்தான் ஆசைப்பட்டேன். எனக்கும் எரிஞ்சுது. அதனால அண்ணி மனசை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஆபரேஷனுக்குக் காத்திருந்த பொண்ணு நம்ம சண்டைல என்ன பண்ணா? பகுதியை இப்போதைக்கு அண்ணிகிட்ட விடக் கூடாது."

பாய்லர்காரர், "டோக்கன் அம்மா வீட்டுக்கு அண்ணியே போய்ச் சொல்லணும். அதுதான் முதல்ல" என்றார்.

அப்படித்தான் முடிவானது. அண்ணி வாஷிங் பகுதியின் பொறுப்பை விட்டு, வரும் அழுக்குத் துணியைப் பிரிக்கும் மேஜைக்குப் போக வேண்டும். யாரும் விரும்பிப் போகாத இடம் அது. ரத்தமும் மருந்தும் தோய்ந்த விரிப்புகளை உறை மாட்டிய கையால் ஒவ்வொன்றாக உதறிப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவளே போய் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் காலைக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தக் கூடாது என்று நாத்தனார் சொன்னாள். "வெளிய உக்கார வச்சா அது வேற மாதிரி போய்டும். நீங்க இங்கதான் இருக்கணும்."

தியேட்டர் சிஸ்டர் அவளை நிற்கவைத்துக் கேட்டுவிட்டு, "இதைச் சொல்றதுக்கு நீங்க வரலன்னா நாங்க வேற ஆளைப் பாத்திருப்போம்" என்று மட்டும் சொன்னாள். அதைவிடக் கஷ்டமாக இருந்தது டோக்கன் அம்மாவின் வீடு. அவளும் மகனும் மருமகளும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க மாமியார் எதையும் மறக்கல. நான்தான் உண்மையை மறைச்சேன்" என்றாள். மருமகள் கேட்டுவிட்டு மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். டோக்கன் அம்மா அண்ணியை உட்காரச் சொல்லவில்லை. வாசல் வரை வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

கணவர், தங்கைக்காகக் கோபப்படுவதா, மனைவிக்காக வருந்துவதா என்று தெரியாமல், தினமும் அவளைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டார். முன்பு அப்படிச் செய்ததில்லை.

பிரிக்கும் மேஜையில் நிற்கும்போதும் கண்ணாடி அறையின் விளக்கு தெரிந்தது. பொறாமை போய்விடவில்லை. வாஷிங் பகுதியை இப்போது பார்த்துக்கொண்டிருந்த பெண் அவளிடமே வேலை கற்றவள். மெஷினை அவள் சரியாக ஓட்டினாலும் எரிந்தது, தப்பாக ஓட்டினாலும் எரிந்தது. ஒருநாள் வேலை முடிந்து நாத்தனாரோடு சேர்ந்து சாலையில் நடந்தபோது அண்ணி சொன்னாள், "எனக்கு இன்னும் உன்னைப் பாத்தா எரியுதுடி. பொய் சொல்ல விரும்பல."

"தெரியுது அண்ணி."

"உனக்குக் கோபமே வரலையா?"

"வராம என்ன? அந்தக் கட்டில்ல இருந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டு நின்னது நான். ராத்திரியெல்லாம் தூங்கல. உங்களை வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை கேக்கணும்னு ரெண்டு வாட்டி உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். அண்ணன் முகத்தை நெனச்சுத் திரும்பிட்டேன்." கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் ஆறல. ஆனா எரியுதுன்னு என்கிட்டயே சொல்றீங்க பாருங்க, அது எனக்குப் போதும்" என்றாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு கூட்டத்தில் மாஸ்டர்தான் பேச்சை எடுத்தார். அண்ணியைத் திரும்ப வாஷிங் பகுதிக்கு விடலாமா என்று கேட்டார். எல்லோரும் டோக்கன் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் அண்ணியோடு வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசாமல்தான் இருந்தாள். "வேலைக்கு அவதான் சரி" என்றாள். "நான் மன்னிச்சுட்டேன்னு யாரும் நெனைச்சுக்க வேண்டாம்." அதையும் அந்த அறை அப்படியே ஏற்றுக்கொண்டது. அண்ணி தன் பகுதிக்குத் திரும்பினாள். இப்போது காலையில் தன் தவறைச் சொல்லும் முறை வந்தால் அவள் தயங்குவதில்லை. சில நாள் அவள் சொல்லும் பட்டியலைக் கேட்டு பாய்லர்காரர், "போதும் அண்ணி, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்பார்.

டோக்கன் அம்மா ஓய்வு பெறும் வரை அவர்களுக்குள் சகஜமாகவில்லை. ஓய்வு பெற்றுப் போன பிறகு ஒரு நாள், பேரனோடு கடைத்தெருவில் வந்தவள் அண்ணியைப் பார்த்து நின்று, "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். அண்ணி பதில் சொல்லி முடிப்பதற்குள் நடந்துவிட்டாள். அதுவே பெரிது என்று அண்ணி வீட்டில் வந்து சொன்னாள்.

சில வருடங்களில் முதலாளியம்மா இன்னொரு ஊரில் சலவைக்கூடம் திறந்து, நாத்தனாரை அங்கே அனுப்பினாள். இங்கே மேனேஜர் பதவி மாஸ்டருக்குப் போனது. கூட்டத்தில் மற்றவர்கள் யோசித்துச் சொன்ன பேர் அதுதான். சொன்னவர்களில் அண்ணியும் ஒருத்தி.

மாஸ்டர் முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேஜையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி சொன்னாள், "மாஸ்டர், உங்களை அங்க பாக்கறதுக்கும் எனக்கு எரியத்தான் செய்யுது. இப்பவே சொல்லிடறேன்."

"சரி அண்ணி, எரியட்டும்" என்றார் மாஸ்டர். "ரெண்டாவது மெஷின் கதவு ஒழுகுதுன்னாங்களே, அது என்னாச்சு?"

கதவின் ரப்பர் தேய்ந்திருப்பதைத் தான் போன வாரமே பார்த்தும் சொல்லாமல் தள்ளிப்போட்டதாக அண்ணி சொல்ல ஆரம்பித்தாள். பாய்லர்காரர் புது ரப்பருக்கு அளவெடுக்க எழுந்தார்.